ஐம்பதாவது வசதி

மனித குலம் குகையை விட்டு வெளியே வந்தது வீடு கட்டுவதற்காக அல்ல. கிளப் ஹவுஸ் கட்டுவதற்காகத்தான். நடுவில் சில ஆயிரம் ஆண்டுகள் கூடம், சமையலறை, படுக்கையறை என்று புத்தி தடுமாறிப் போயிற்று. அந்தத் தடுமாற்றத்தைத் திருத்திய பெருமை, நூற்றெட்டுக் குடும்பங்களும் நாற்பத்தொன்பது பொது வசதிகளும் கொண்ட ஓர் அடுக்குமாடி வளாகத்தைச் சேரும். அதன் நிர்வாகக் குழு ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கூடியது. வந்திருந்தோரும் அவர்கள் அமர்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு:

தலைவர், டைல்ஸ் கடை உரிமையாளர்: சறுக்கு மரத்தின் உச்சி.

துணைத் தலைவி, பல் மருத்துவர்: ஊஞ்சல்.

வளாகத்தைக் கட்டிய நிறுவனத்தின் விற்பனை மேலாளர், எந்நேரமும் கையில் வண்ணத்தாள் வைத்திருப்பதால் 'பிரோஷர்' என்று அழைக்கப்படுபவர்: சீசாவின் தரையைத் தொட்ட முனை.

செயலாளர்: அதே சீசாவின் வானத்தைத் தொட்ட முனை. மடியில் தீர்மானப் புத்தகம்.

செயலாளரின் அக்கா, ஓய்வுபெற்ற நர்ஸ்: மணல் தொட்டியின் விளிம்பு. அழைப்பு இல்லை, தானாக வந்தவர்.

இவ்வளவு பெரிய மனிதர்கள் ஏன் குழந்தைகள் பூங்காவில் கூடினார்கள் என்று கேட்பவர்களுக்கு நிர்வாகம் தெரியாது என்று பொருள். கூட்ட அரங்கு அந்த வளாகத்தின் ஏழாவது வசதி. அதைப் பயன்படுத்தக் குழுவின் அனுமதி வேண்டும். அனுமதி தரக் குழு கூட வேண்டும். குழு கூட அரங்கு வேண்டும். மூன்று வருடமாக அந்த அரங்கின் நாற்காலிகள் மேல் போட்ட பிளாஸ்டிக் உறை கலையாமல் காக்கப்பட்டு வருவது இந்த ஒழுங்கினால்தான். பூங்காவோ அந்த நேரத்தில் காலியாக இருந்தது. மாலை நான்கு முதல் ஆறு வரை அங்கே குழந்தைகள் விளையாடக் கூடாது என்பது விதி. அது பூங்காவைப் 'பார்த்து மகிழும்' நேரம்.

"நாற்பத்தொன்பது இருக்கு. ஐம்பது இருந்தாத்தான் பொன் தரம்," என்றார் தலைவர், சறுக்கிவிடாமல் இரு கைப்பிடிகளையும் பற்றிக்கொண்டு. "வசதித் தரக் குழுவோட ஆய்வாளர் அடுத்த மாசம் வர்றார். ஒண்ணே ஒண்ணு குறையுது. யோசிங்க!"

"பல் துலக்கும் மண்டபம் வெக்கலாமே," என்று பல் மருத்துவர் ஊஞ்சலில் முன்னே வந்து சொன்னார். பின்னே போய், "எல்லாரும் வரிசையா நின்னு, மெல்லிசா இசை போட்டு..." என்று முடித்தார்.

"அருமை மேடம்! ஆனா இடம் வேணுமே," என்றார் பிரோஷர். "வேணும்னா ஒவ்வொரு வீட்டு பாத்ரூம்லயும் ஒரு சாண் எடுத்துக்கலாம்."

"ஏற்கெனவே எடுத்துட்டீங்க. என் வீட்டுல குனிஞ்சா கதவு தானா திறந்துக்குது," என்றார் தலைவர்.

அது குறை அல்ல, சாதனை. அந்த நிறுவனம் ஒரு வசதியைச் சேர்க்கும்போதெல்லாம் வீட்டுச் சுவர்கள் ஒரு சாண் உள்ளே வந்து இடம் கொடுத்தன. நட்சத்திரம் பார்க்கும் தளத்துக்காகப் பால்கனி போயிற்று. மௌன நடைபாதைக்காகப் பரண் போயிற்று. திறந்தவெளி அரங்குக்காகச் சமையலறையில் பாதி போயிற்று. தோசை திருப்புகிறவர் திரும்பக் கூடாது என்ற அளவில் மீதி நின்றது. செயலாளர் வீட்டில் மேஜை போட இடமில்லாததால், அவர் கடிதங்களை வாஷிங் மெஷின் மேல் வைத்து எழுதுவார். துணி சுழலும் நேரத்தில் எழுதிய கடிதங்களில் ஒரு தனி உணர்ச்சி தெரியும்.

"வீடு எதுக்கு சார்?" என்பது பிரோஷரின் நிரந்தரக் கேள்வி. "தூங்கத்தானே? வாழ்றதெல்லாம் வெளியில! பொன் தரம் மட்டும் கிடைக்கட்டும், பக்கத்துல ரெண்டாவது கட்டடம் எழுப்பறோம். அதுல நூறு வசதி. வீட்டுல கட்டில் மட்டும். அதுவும் நின்னுக்கிட்டே தூங்கறவங்களுக்கு ஒரு தனி மாடல் இருக்கு."

தலைவர் தொண்டையைச் செருமினார். "ஐம்பதாவது கிடக்கட்டும். அதுக்கு முன்னாடி ஒரு அசிங்கத்தை அகத்தணும். பம்ப் ரூம் பின்னாடி ஒரு பழைய பலகை கிடக்கு. நாலு பேர் அதுல உக்காந்து எந்நேரமும் சிரிச்சுக்கிட்டே இருக்காங்க. ஆய்வாளர் பார்த்தா என்ன நினைப்பார்?"

"கிடக்கலைங்க. இருக்கு," என்றது மணல் தொட்டி.

செயலாளர் உயரத்தில் இருந்தபடியே அக்காவைப் பார்த்தார். 

அக்காவுக்குத் தம்பி, தம்பிக்கு அக்கா. வேறு யாரும் இல்லாத இருவர். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற கையோடு, எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு பெட்டியுடன் அக்கா தம்பி வீட்டுக்கு வந்தார். முப்பது வருடம் ஒரே நேரத்தில் ஐம்பது நோயாளிகளோடு பேசிப் பழகிய வாய். வந்த முதல் மூன்று மாதம் அந்த வாயோடு பேசியது லிஃப்ட் மட்டும்தான். "கதவு மூடப்படுகிறது," என்று அது சொல்லும். "மூடு, யார் வேண்டாம்னா," என்று அக்கா சொல்வார். 'மூத்த குடிமக்கள் மூலை' என்று பன்னிரண்டாவது வசதி ஒன்று இருக்கத்தான் செய்தது. இருபத்திரண்டு படி ஏறிப் போக வேண்டும். அக்காவின் முழங்கால் ஆறாவது படியிலேயே மூப்பை நிரூபித்துவிடும்.

பிறகு ஒரு நாள் பம்ப் ரூம் பின்னால் அந்தப் பலகை அகப்பட்டது. கட்டடம் கட்டியவர்கள் இரண்டு சிமென்ட் கல் மேல் போட்டு, எடுத்துப்போக மறந்த சாரப் பலகை. மாலையில் சுவர் நிழல் விழும். பம்ப் ஓடும் சத்தத்தில் ஊர் வம்பை உரக்கவே பேசலாம். இரண்டாம் மாடி டெய்லரம்மா, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், கைக்குழந்தையோடு ஐந்தாம் மாடியில் தனியாக இருக்கும் ஒரு பெண், அக்கா. இந்த நால்வரும் மாலைதோறும் அங்கே கூடினார்கள். அக்காவின் முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியது. சாப்பாட்டில் உப்பு சரியாக விழுந்தது.

அன்று காலைதான், தலைவரின் திட்டம் காதில் விழுந்து, அக்கா தம்பியிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "பலகை போச்சுன்னா நானும் போறேன்டா. என்கூட வேலை பார்த்தவ ஒருத்தி அவ வீட்டுல அறை சும்மா கிடக்கு, வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. உன் மேல கோபம் இல்ல. ஆனா லிஃப்டோட பேசிக்கிட்டே நான் சாக மாட்டேன்."

இப்போது சீசாவின் உச்சியில் செயலாளர் யோசித்தார். முப்பத்தொரு வருடம் ஒரு தொழிற்சாலையின் தபால் பிரிவில் இருந்தவர். பதிவேட்டில் ஏறியதை எவனும் அசைக்க முடியாது என்பது அவருக்கு வேதம். எண் இல்லாத நாற்காலியைத் தூக்கிப் போவார்கள். எண் போட்ட நாற்காலி காலொடிந்தாலும் இருபது வருடம் இருந்த இடத்தில் இருக்கும். பலகைக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டால்?

"ஐயா," என்றார் செயலாளர். "அந்தப் பலகையையே ஐம்பதாவது வசதியாப் பதிவு பண்ணிட்டா என்ன?"

ஊஞ்சல் நின்றது.

"சமூக உரையாடல் முனையம்!" என்று கூவிக்கொண்டே பிரோஷர் துள்ளி எழுந்தார்.

அவர் எழுந்த கணத்திலேயே செயலாளர் வானத்திலிருந்து தரைக்கு வந்து சேர்ந்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிய ஓசை என்று அதைத் தலைவர் எடுத்துக்கொண்டார்.

"பார்த்தியா அக்கா, காப்பாத்திட்டேன்," என்றார் செயலாளர், இடுப்பைத் தடவிக்கொண்டு.

"விழுந்தது நீயா பலகையான்னு போகப் போகத் தெரியும்," என்றார் அக்கா.

வசதி என்று ஆன பிறகு விதி வேண்டாமா? விதி இல்லாத வசதி, மூடி இல்லாத சாக்கடை மாதிரி. யார் வேண்டுமானாலும் விழுந்துவிடுவார்கள். செயலாளர் இரண்டு மாலை வாஷிங் மெஷினை ஓடவிடாமல் நிறுத்திவைத்து, இருபத்து மூன்று விதிகளை எழுதினார். அவர் வாழ்நாளில் எழுதியவற்றிலேயே ஆகச் சிறந்த விதிகள் அவை. உரையாடலுக்கு மூன்று நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். உரையாடலின் பொருள், கால அளவு, எதிர்த் தரப்பின் பெயர் குறிப்பிடப்பட வேண்டும். குறைந்தபட்சம் இருவர், அதிகபட்சம் மூவர். சிரிப்பு, பக்கத்து மாடிக்குக் கேட்காத அளவில். விண்ணப்பத்தில் குறிப்பிட்ட பொருளை விட்டு வேறு பொருளுக்குத் தாவினால் அனுமதி ரத்து.

எல்லாமே பலகையின் பாதுகாப்புக்காகத்தான். பலகைக்கு வார்னிஷ் அடித்தார்கள். சுற்றிலும் தடித்த சிவப்புக் கயிறு கட்டினார்கள். பம்ப் சத்தம் உரையாடலுக்கு இடையூறு என்று, மாலை நேரத்தில் பம்பை நிறுத்தினார்கள்; மேல் மாடிகளில் தண்ணீர் வரவில்லை என்றாலும், பண்பாடு மேலே போயிற்று. வாட்ச்மேனை ஒரு நோட்டுப் புத்தகத்துடன் கயிற்றருகே நிறுத்தினார்கள்.

மறுநாள் மாலை அக்காவும் கூட்டாளிகளும் வந்தார்கள்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் வாட்ச்மேன், தலையைச் சொறிந்துகொண்டு. "நீங்க நாலு பேர் இருக்கீங்க. மூணு பேர்தான். அப்புறம் குழந்தை... குழந்தை பேசுமா?"

"அழும்."

"அழுகைக்குத் தனி விண்ணப்பப் பாரம் இன்னும் அச்சாகி வரலைம்மா. எதைப் பத்திப் பேசப்போறீங்கன்னு எழுதணும்."

"பேசினாத்தானே தெரியும் எதைப் பத்தின்னு!" என்றார் டெய்லரம்மா.

"விதி யாரு எழுதினது?" என்று கேட்டார் டிரைவர்.

வாட்ச்மேன் வானத்தைப் பார்த்தார். அக்கா பூமியைப் பார்த்தார்.  அன்று இரவு, கட்டிலுக்கு அடியில் இருந்த அக்காவின் பெட்டி, கட்டிலுக்கு மேல் வந்திருந்தது. அந்த வீட்டில் அதைப் பார்க்காமல் நடமாட முடியாது; பெட்டியைத் தாண்டித்தான் தூங்கவே போக வேண்டும்.

"அக்கா, கொஞ்சம் பொறு. ஆய்வு முடியட்டும். விதியைத் தளர்த்தித் திருத்தம் கொண்டுவரேன்."

"திருத்தத்துக்கு எத்தனை விதிடா?"

"ஒன்பது," என்றார் செயலாளர் உண்மையாக.

ஆய்வு நாள் வந்தது. யாரும் எண்ணிப் பார்க்காத ஒரு நுட்பம் அதற்கு முந்தின நாள்தான் தெரிந்தது: வசதிகள் இருந்தால் போதாது, அவற்றை மனிதர்கள் 'பயன்படுத்தும் நிலையில்' ஆய்வாளர் காண வேண்டும். ஐம்பது வசதிக்கும் ஆள் எங்கே போவது? வளாகத்தில் பாதிப் பேர் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். கிடைத்தவர்கள் பன்னிரண்டு பேர். செயலாளர் அவர்களுக்கு ஒரு கால அட்டவணை தயாரித்தார். பத்து மணிக்கு நீச்சல் குளம், பத்து பன்னிரண்டுக்கு நூலகம், பத்து இருபதுக்குத் தியான மண்டபம். ஆய்வாளரைத் தலைவர் முன்வாசல் வழியாகப் பேசிப் பேசி மெதுவாகக் கூட்டிப்போவார். பன்னிரண்டு பேரும் பின்வாசல் வழியாக ஓடி, அடுத்த வசதியில் மூச்சு வாங்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆய்வாளர் ஒல்லியான மனிதர். புதுக் காலணி போட்டு வந்திருந்தார். அது கடித்தது. நடையில் ஒரு சாய்வு இருந்தது.

குளத்தில் பல் மருத்துவரின் கணவர் நீந்திக்கொண்டிருந்தார். தண்ணீரின் தெளிவைக் காப்பதற்காக அதில் யாரும் இறங்கக் கூடாது என்ற விதி அன்று ஒரு நாள் மட்டும் தளர்த்தப்பட்டிருந்தது. நூலகத்தில் ஒருவர் கலைக்களஞ்சியத்தைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தார். அவர் முடியிலிருந்து சொட்டிய நீரில் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. தியான மண்டபத்தில் கண் மூடி அமர்ந்திருந்த பன்னிரண்டு பேரில் நடுவிலிருந்தவரைச் சுற்றி மட்டும் ஒரு சின்னக் குட்டை தேங்கியிருந்தது. ஒலிபெருக்கி நிமிஷத்துக்கு ஒரு முறை, "அமைதி காக்கவும்," என்று அலறிக்கொண்டிருந்தது.

"இவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?" என்றார் ஆய்வாளர்.

"எங்க வளாகத்துல ஆரோக்கியம் அதிகம் சார். அதனால எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்பாங்க," என்றார் தலைவர்.

செல்லப்பிராணிப் பூங்காவில் பல் மருத்துவர் ஒரு நாயைச் சங்கிலியில் பிடித்து நின்றார். வளாகத்தில் பிராணிகளுக்கு அனுமதி இல்லாததால் அது பஞ்சு நாய்.

"குரைக்கவே மாட்டேங்குது?"

"பயிற்சி கொடுத்தது சார். மூச்சுகூட விடாது."

இருபதாவது வசதிக்குள் ஆய்வாளரின் சாய்வு நொண்டலாகிவிட்டது. "ஒரு நிமிஷம் எங்கயாவது உக்காரலாமா?" என்றார்.

"தாராளமா!" என்றார் தலைவர். பிறகு சுற்றிப் பார்த்தார். பூங்கா பெஞ்சில் பெயின்ட் காயவில்லை. திறந்தவெளி அரங்கின் படிகளில் 'நிற்க மட்டும்' என்று எழுதியிருந்தது. காத்திருப்போர் கூடம் பராமரிப்புக்காகக் காத்திருந்தது. வரவேற்பறை சோஃபா, புகைப்படம் எடுப்பதற்காக மட்டுமே வாங்கியது.

"கவலையே வேண்டாம் சார். உக்காரறதுக்குன்னே தனி வசதி இருக்கு. ஐம்பதாவது!" என்றார் பிரோஷர்.

எல்லோரும் பம்ப் ரூம் பின்னால் போனார்கள். பலகை வார்னிஷில் பளபளத்தது. வாட்ச்மேன் விறைப்பாக நின்று நோட்டைப் பிரித்தார். அவரை மட்டும் ஒத்திகைக்கு யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. விதியைத் தவிர வேறெதுவும் அவருக்குச் சொல்லப்படவில்லை.

"பேரு சார்?"

"நான் உக்காரத்தான் வந்தேன்."

"உக்காரலாம் சார். எதைப் பத்திப் பேசப்போறீங்க?"

"பேசப்போறது இல்லைப்பா. கால் வலிக்குது."

"இது உரையாடல் முனையம் சார். பேசாம உக்காந்தா விதி பதினாலு. எதிர்த் தரப்பு யாரு சார்?"

"யாரும் இல்லை!"

"ஒத்தை ஆள் பேசறதுக்கு அனுமதி இல்ல சார். அது வேற மாதிரி ஆயிடும்."

தலைவர் பல்லைக் கடித்தார். பல் மருத்துவர் அந்தச் சத்தத்தைக் கவனித்து முகம் சுளித்தார். செயலாளர் தம் சொந்த விதியின் முன்னால், சொந்தத் திருமணத்துக்கு அழைப்பிதழ் இல்லாத மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

அந்த நேரத்தில் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வெடித்தது. நான்கு பேர் சேர்ந்து சிரித்த சிரிப்பு; இடையில் ஒரு குழந்தையின் கெக்கலிப்பு. ஆய்வாளர் நோட்டையும் கயிற்றையும் விட்டுவிட்டு, நொண்டி நொண்டி அந்தச் சத்தத்தின் பின்னாலேயே போனார்.

அங்கே குப்பை வண்டி நிற்கும் சந்தில், கவிழ்த்த பெயின்ட் டப்பாக்களின் மேல், அக்கா, டெய்லரம்மா, டிரைவர், குழந்தையோடு அந்தப் பெண். டிரைவர் ஏதோ ஒரு பஸ்ஸை ஓட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங், ஒரு பெயின்ட் டப்பாவின் மூடி.

"எத்தனை பேர் பார்க்க வந்திருக்காங்க பாரேன், டிக்கெட் போடலாம் போல," என்றார் டெய்லரம்மா.

அக்கா ஆய்வாளரின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். "குதிகால்ல கொப்புளம். உடைச்சுடாதீங்க தம்பி. முதல்ல செருப்பைக் கழட்டுங்க. நகரு டெய்லரம்மா, ஒரு டப்பா குடு."

ஆய்வாளர் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் அவர் உடம்பிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அது அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தேங்கியிருந்த மூச்சு. யாரும் அவர் பெயரைக் கேட்கவில்லை. எதைப் பற்றிப் பேசுவார் என்று கேட்கவில்லை. டிரைவர் பஸ்ஸை விட்ட இடத்திலிருந்து ஓட்டினார். ஆய்வாளர் தம் காலணி வாங்கிய கதையைச் சொன்னார். அது அப்படியொன்றும் சிரிப்பான கதை இல்லை. ஆனாலும் எல்லோரும் சிரித்தார்கள். குழந்தை அவர் பேனாவைப் பிடுங்கி வாயில் வைத்தது. இருபத்தைந்து நிமிஷம் போனது. சந்தின் முனையில் தலைவரும் பிரோஷரும் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்கள். பன்னிரண்டு பேரும் இருபத்தோராவது வசதியில் ஈரத்தோடு காத்திருந்தார்கள்.

ஆய்வாளர் எழுந்தார். முகம் விளக்குப் போட்டது போல் இருந்தது.

"இது பட்டியல்ல இல்லையே! முப்பது வளாகம் பார்த்திருக்கேன். இப்படி ஒரு வசதியை எங்கயும் பார்த்ததில்லை!"

தலைவருக்கு மூச்சு நின்று வந்தது. "ஐம்பத்தொண்ணு!" என்று கத்தினார்.

"பின்கட்டுப் புத்துணர்வு மையம்!" என்றார் பிரோஷர், வண்ணத்தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டே. "கவிழ்த்த டப்பா மாதிரியே பளிங்குல இருக்கை! செயற்கைக் குப்பை வண்டி! ரெண்டாவது கட்டடத்துல மாடிக்கு ஒண்ணு! இடத்துக்கு என்ன, வீட்டுல ஜன்னலை எடுத்துடலாம்!"

"செயலாளர் எழுத்துல உறுதி கொடுக்கட்டும்," என்றார் ஆய்வாளர். "ஐம்பதும் ஐம்பத்தொண்ணும் வசதிதான்னு ஒரு கடிதம் போதும். பொன் தரம் உங்களுக்குத்தான்."

எல்லோரும் கைதட்டினார்கள். வாட்ச்மேன் நோட்டைப் புரட்டி, கைதட்டலுக்கு ஏதாவது விதி இருக்கிறதா என்று பார்த்தார். அக்கா மட்டும் தம் டப்பாவிலிருந்து மெதுவாக எழுந்தார். அதை ஒரு காலால் சுவரோரம் தள்ளினார்.

"நாளைக்குக் காலையில கிளம்பறேன்டா," என்றார். கோபம் இல்லாத குரல். அதுதான் செயலாளருக்குத் தாங்கவில்லை.

"அக்கா, விதியை இந்தத் தடவை..."

"நீ நல்லவன்டா. உன் கையெழுத்தும் நல்லா இருக்கும். ஆனா நாங்க உக்கார்ற இடமெல்லாம் உன் பேனா தேடிக்கிட்டு வருது. நாங்க எத்தனை டப்பாவைத் தூக்கிக்கிட்டு ஓடறது?"

அன்று மாலை வாஷிங் மெஷின் மேல் தாளை விரித்து உட்கார்ந்தார் செயலாளர். உள்ளே துணி இல்லை. ஆனாலும் எழுத்தில் அந்தத் தனி உணர்ச்சி வந்தது. பின்னால் கட்டிலில் அக்கா புடவைகளை மடித்து, பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு புடவை உள்ளே போகும்போதும் வீடு கொஞ்சம் பெரிதானது போல் இருந்தது. அந்த வளாகத்தில் ஒரு வீடு பெரிதாவதற்கு அது ஒன்றே வழி.

முப்பத்தொரு வருடத்தில் அவர் பொய்யாக ஒரு கடிதம் எழுதியதில்லை. உண்மையாக ஒன்றும் எழுதியதில்லை என்பதும் இப்போதுதான் உறைத்தது.

எழுதி முடித்தபோது தலைவர் வந்து கதவைத் தட்டினார். உள்ளே வர இடமில்லை என்பதால் வாசலிலேயே நின்று கையை நீட்டினார். செயலாளர் தாளை நீட்டினார். மேலே தடித்த எழுத்தில், 'பொருள்: ஐம்பதாவது மற்றும் ஐம்பத்தொன்றாவது வசதிகள் குறித்து உறுதிமொழி' என்று இருந்தது.

"உங்க கடிதத்தைப் படிச்சுப் பார்க்கணுமா என்ன!" என்று தலைவர் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "பொருளைப் பார்த்தாலே போதும். அப்படியே அனுப்பிடுங்க!" அவர் போனார். மூன்று வருடமாக அவர் பொருளுக்குக் கீழே படித்ததே இல்லை. அதனால்தான் அவர் தலைவராக இருந்தார்.

பொருளுக்குக் கீழே இப்படி எழுதியிருந்தது:

'மதிப்புக்குரிய ஐயா, வணக்கம். எங்கள் வளாகத்தில் நாற்பத்தொன்பது வசதிகள் உயர்ந்த நிலையில் பராமரிக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்றிலும் ஆள் நடமாட்டம் இல்லை என்பதே அந்தப் பராமரிப்புக்குச் சான்று. தாங்கள் ஒவ்வொரு வசதியிலும் கண்டவர்கள் அதே பன்னிரண்டு பேர். நாய், பஞ்சு.

'ஐம்பதாவதாகத் தெரிவிக்கப்பட்ட பலகை, எண் கொடுப்பதற்கு முன்பு நான்கு பேரும் ஒரு குழந்தையும் உட்காரும் இடமாக இருந்தது. எண் கொடுத்த பிறகு ஒருவரும் உட்காரவில்லை. எனவே அந்தப் பதிவை ரத்து செய்து, கயிற்றை அவிழ்த்து, விதிகள் இருபத்து மூன்றையும் திரும்பப் பெறுகிறோம். அவற்றை எழுதிய குற்றவாளி இக்கடிதத்தை எழுதுபவனே.

'ஐம்பத்தொன்றாவதாகத் தாங்கள் பாராட்டிய சந்தில் எவ்வித வசதியும் கிடையாது என்று இதன்மூலம் உறுதி கூறுகிறோம். தயவுசெய்து அதை எந்தப் பட்டியலிலும் சேர்க்க வேண்டாம். வீடுகளைச் சுருக்கிச் சுருக்கி நாங்கள் கட்டிய இந்த வளாகம் முழுவதிலும் மனிதர்கள் குடியிருக்கும் இடம் அது ஒன்றுதான்.'

செயலாளர் தாளை மூன்றாக மடித்து உறையில் இட்டார்.

"என்னடா எழுதின?" என்றார் அக்கா, கடைசிப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு.

"உள்ளதை."

"அதுக்கும் நகல் எடுத்தியா?"

"மூணு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையிலிருந்த புடவையைப் பெட்டிக்குள் வைக்கவும் இல்லை, வெளியே எடுக்கவும் இல்லை, தோளில் போட்டுக்கொண்டார். "வா, நானும் வரேன். அதை நீ தபால் பெட்டியில போடறதைக் கண்ணால பார்த்தாத்தான் நம்புவேன்."

இருவரும் தெருமுனைத் தபால் பெட்டிக்கு நடந்தார்கள். செயலாளர் உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து, நான்கு விரலால் அழுத்தி ஒட்டினார். ஒட்டியது பிரியாதா என்று அக்கா ஒரு தடவை நகத்தால் நெருடிப் பார்த்தார். பிறகு இருவருமாகச் சேர்ந்து, அதை உள்ளே தள்ளினார்கள்.